ஜாக்கி மேல் நின்ற கல்யாணக் கார்

கள்ளக்குறிச்சி மெக்கானிக் ஷெட்டுகளில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கல்வராயன் மலையில் என் மேல் ஒரு கார் விழுந்ததாம். நான் அதை ஒரு கையால் தள்ளிவிட்டு எழுந்து வந்து டீ குடித்தேனாம். விழுந்திருந்தால் என் டீயை வேறு யாராவதுதான் குடித்திருப்பார்கள். போன மாதம் புறவழிச்சாலையில் புதிதாகத் திறந்த சர்வீஸ் சென்டருக்குச் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே பட்டனை அமுக்கினால் கார் தானாக மேலே போகிறது. ஆட்கள் கீழே நிமிர்ந்து நின்று வேலை செய்கிறார்கள், பந்தலுக்குக் கீழே நிற்கிற மாதிரி. அங்கே வேலை செய்கிற ஒரு பெண், "அந்த மலைக் கார் மேட்டரு நெஜமா சார்?" என்று கேட்டாள். எனக்கு அரை நாள் தேவைப்படும் என்றேன். அவர்களுக்கு டீ இடைவேளை அவ்வளவு கிடையாது. அதனால் எழுதி விடுகிறேன்.

என் ஊர் நைனார்பாளையம். பெயர் தனசேகர். பத்தாவதோடு படிப்பு என்னை விட்டு விலகிக்கொண்டது. துருகம் சாலையில் இருந்த அமீர் பாய் ஷெட்டில் சேர்ந்தேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், கிரீஸ் துடைத்தேன், பிரேக் பார்த்தேன், இன்ஜின் இறக்கினேன், முடி நரைத்தது. பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

பாய் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். குள்ளமான மனிதர். இடுப்பு மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். குரலை உயர்த்தியதே இல்லை. யாரிடமும் "ஜாக்கிரதை" என்று சொன்னதும் இல்லை. அந்த வார்த்தை காதில் விழாத வார்த்தை என்பது அவர் கட்சி. அதற்குப் பதில் வேறு சில வேலைகள் செய்வார்.

ஒரு காரைத் தூக்க வேண்டும் என்றால் முதலில் நிலத்தைப் பார்ப்பார். சமமாக இல்லாவிட்டால் காரைத் தள்ளிக்கொண்டு போய் சமமான இடத்தில் நிறுத்தச் சொல்வார். பிறகு கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுக்க வேண்டும். தரையில் நிற்கப்போகிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சாவியைப் பிடுங்கி, கீழே போகிறவனே தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். காருக்குள் ஒரு ஆள் இருக்கக்கூடாது. தூங்குகிற குழந்தையாக இருந்தாலும் எழுப்பி இறக்க வேண்டும். அப்புறம்தான் ஜாக்கி. தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டை வண்டியின் சட்டத்துக்கு அடியில் வைத்து, ஜாக்கியைத் தளர்த்தி, முழு எடையையும் ஸ்டாண்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். "ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு அது இல்ல. நீ உன் மச்சான்கிட்ட கைமாத்து கேக்கலாம், அவன் வூட்லயே குடித்தனம் பண்ணக் கூடாது" என்பார். அதற்கும் மேலே, ஒரு ஸ்டெப்னி டயரைப் படுக்கப் போட்டுச் சட்டத்துக்கு அடியில் தள்ள வேண்டும். எல்லாம் ஏமாற்றினாலும் டயர் ஏமாற்றாது.

இதெல்லாம் ஆன பிறகு பாய் வருவார். காருக்கு முதுகைக் காட்டி நின்று, கம்பத்தில் எருமை உரசுகிற மாதிரி இடுப்பால் ஒரு தள்ளு தள்ளுவார். அதற்கு ஆடாத கார்தான் கார். ஆடினால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து.

உள்ளே போனாலும் விடமாட்டார். கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்.

"சேகரு, இன்னிக்கு உங்க வூட்ல இன்னா கொழம்பு?"

"கத்திரிக்கா, பாய்."

"கத்திரிக்காவா. அதுல கருவாடு போட்டாங்களா?"

போட்டார்களா இல்லையா என்று சொல்லியே ஆகவேண்டும். கேள்விக்குப் பதில் வராவிட்டால் இரண்டு காலையும் பிடித்து இழுத்து விடுவார். ஒருமுறை என் வாயில் நட்டு இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. இழுத்த இழுப்பில் நட்டை விழுங்கி விட்டேன். இரண்டு நாள் வாழைப்பழமாகத் தின்ன வைத்தார்.

ஆயுத பூஜை அன்று எல்லாரும் பூசணிக்காயை ரோட்டில் உடைப்பார்கள். எங்கள் ஷெட்டில் அதை, ஆளின் தலை வருகிற இடத்தில், தூக்கி நிறுத்திய காருக்குக் கீழே வைப்போம். ஸ்டாண்டு கிடையாது, வெறும் ஜாக்கி. அந்த வருடம் யார் ரொம்ப அலட்சியமோ அவர் பெயரைச் சாக்பீஸால் காயின் மேல் பாய் எழுதுவார். பிறகு ஜாக்கியின் வால்வைத் திறப்பார். சத்தம் ஒன்று கேட்கும். அதற்கு மேல் பேச்சு எதற்கு.

என்னோடு வேலை செய்த ஏழுமலையின் பெயர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் அவன் மனைவி வசந்தா ஷெட்டுக்கே வந்து விட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு பேர காயில எழுதி கார வுட்டு நசுக்கினீங்களாமே. இன்னாங்க இது?"

"பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் பாய்.

"அவரு பேரு நசுங்கினா எனக்கு இன்னாங்க பாதுகாப்பு? ஊரே வந்து துக்கம் கேக்குது."

அடுத்த வருடம் காயின் மேல் 'அமீர்' என்று எழுதி இருந்தது. வால்வைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் பாயே திறந்து, நசுங்கியதைக் குனிந்து பார்த்து, "மனசுக்கு நல்லாத்தான் இல்ல" என்றார். அதற்கடுத்த வருடம் வால்வைத் திறந்தால் கார் இறங்கவே இல்லை. ஏழுமலை பழக்க தோஷத்தில் ஸ்டாண்டு வைத்து விட்டிருந்தான். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. முழுசாக வெளியே வந்த பூசணிக்காயை ஏழுமலை தோளிலேயே ஏற்றி அனுப்பினார். வசந்தா அதைச் சாம்பார் வைத்து எங்கள் எல்லாருக்கும் கொடுத்தனுப்பினாள்.

இனி மலைக் கார்.

அது ஒரு வைகாசி. விடிந்ததுமே ஷெட்டைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது பாயின் செல்போன் அடித்தது. பேசியது கார் ஓட்டுகிற முருகன், எங்களுக்கு வாடிக்கையாளர். சின்னசேலத்திலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பெண் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். சொந்தக்காரர்கள் போன வேன் முன்னாலேயே மேலே போய்விட்டது. இவன் காரில் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் கியர் விழவில்லை. குச்சி மட்டும் குழம்புக் கரண்டி மாதிரி சுழல்கிறது என்றான். கீழே கியர் கம்பியை இணைக்கிற இரும்புப் பின் கழன்று விழுந்திருக்கும் என்று பாய் அங்கிருந்தே சொல்லிவிட்டார். சின்ன வேலைதான். ஆனால் காருக்குக் கீழே போக வேண்டிய வேலை. முகூர்த்தம் பத்தரைக்குள்.

அன்றைக்கு ஷெட்டில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே வண்டி பாயின் மொபெட். பாய் ஓட்டினார். நான் பின்னால், ஸ்டாண்டும் ஜாக்கியும் போட்ட சாக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு. கச்சிராயபாளையம் வரை மரியாதையாகப் போனது. மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் நான் இறங்கி மூட்டையோடு நடந்தேன். பாய் முன்னால் போய் நின்று, "வா வா, காத்து நல்லாருக்கு" என்பார்.

கார் நின்ற இடம் கொஞ்சம் அகலமான இடம். ஒரு பக்கச் சக்கரங்கள் தாரில், மறுபக்கம் மழையில் ஊறிய மண்ணில். மாப்பிள்ளை சரவணன் பட்டு வேட்டியோடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தான். காருக்குள் மூன்று பேர். முன் சீட்டில் மாப்பிள்ளையின் பெரியம்மா அஞ்சலை, மடியில் தாலி வைத்த தட்டு. அம்மா இல்லாத பையனை வளர்த்தவர் அவர். நடு சீட்டில் அவருடைய கூடப்பிறந்த தம்பி, மாப்பிள்ளையின் தாய்மாமன் கோவிந்தசாமி. பின்னால் தவிலைக் கட்டிக்கொண்டு ஒரு மேளக்காரர்.

பாய் கதவருகே குனிந்து, "எல்லாரும் எறங்குங்க, வண்டிய தூக்கணும்" என்றார். மேளக்காரர் இறங்கினார். மற்ற இருவரும் அசையவில்லை.

முருகன் எங்களைத் தனியாக அழைத்துப் போய் விவரம் சொன்னான். அக்காவும் தம்பியும் பேசி வருடக் கணக்காகிறது. ஒரு காது குத்தில் தம்பியின் இலைக்கு அப்பளம் வராததில் ஆரம்பித்தது. இன்றைக்குக் காலையில் யார் முன் சீட்டு என்று பெரிய வழக்கு. வளர்த்தவள் நான் என்றார் அக்கா. தாய்மாமன் நான் என்றார் தம்பி. அக்கா முந்திக்கொண்டு ஏறிவிட்டார். அவர் எப்போது இறங்குவார் என்று தம்பி காத்திருக்கிறார். வழியில் டீ குடிக்க நிறுத்தியபோதும் அக்கா இறங்கவில்லை. தம்பியும் பார்வையை எடுக்கவில்லை.

நான் போய் மறுபடி சொன்னேன். "அம்மா, உள்ள ஆள் இருந்தா நான் கீழ போகமாட்டேன்."

"நான் இன்னா கனமா? நீ பாட்டுக்கு வேலய பாரு. நான் அசங்கமாட்டேன்" என்றார் அஞ்சலை.

"அசங்கலன்னாலும் தும்மினா போதும்மா."

"சரவணா, உங்க மாமன்கிட்ட சொல்லு, அவரு மொதல்ல எறங்கட்டும்."

"சரவணா, உங்க பெரியம்மாகிட்ட சொல்லு, எறங்கினா நான் ஏறுவேன். சொல்லிட்டுத்தான் ஏறுவேன்."

இருவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. சரவணன் இரண்டு பேரிடமும் சொன்னான். பிறகு எங்களைப் பார்த்து, "மொபெட்ட குடுங்க பாய், நானே போய்க்கினு தாலி கட்டிட்டு வந்துடறேன்" என்றான்.

"எம்புள்ள மொபெட்ல போயி தாலி கட்டறதா? தட்டு எங்கிட்ட கீது, நீ போயி இன்னாத்த கட்டுவ?" என்றார் பெரியம்மா.

பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு என்னிடம், "சேகரு, சீட்ட கழட்டு" என்றார்.

முன் சீட்டு நான்கு போல்ட்டில் நிற்கிறது. முன்னால் தள்ளி வைத்தால் பின் போல்ட் இரண்டும் கைக்கு வரும், பின்னால் தள்ளினால் முன் போல்ட். அஞ்சலை அம்மாள் உட்கார்ந்திருக்கும்போதே நான்கையும் கழற்றினேன். "அம்மா, சீட்டும் உங்ககூட எறங்குது. நீங்க ரோட்டுலயும் இதுலதான் உக்காரப்போறீங்க. வேற யாரும் உக்கார முடியாது" என்றார் பாய். அந்த அம்மாள் யோசித்தார். ஒரு கையில் தட்டு, மறுகையில் சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்தபடியே இறங்கினார். நானும் முருகனும் சீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தோம். மேளக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சாமி ஊர்வலத்துக்கு வாசிக்கிற மாதிரி தவிலில் தட்டினார். ரோட்டோரம் ஒரு மரத்தடியில் சீட்டை வைத்தோம். அம்மாள் உட்கார்ந்து புடவையைச் சரிசெய்தார். அப்போது மேலேயிருந்து இறங்கி வந்த பஸ் மெதுவாகப் போனது. ஜன்னலோரம் இருந்தவர்களில் இரண்டு பேர் கும்பிட்டார்கள். அவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கோவிந்தசாமியும் இறங்கினார். உட்கார ஒன்றுமில்லாத இடத்துக்குப் போட்டி போட்டுப் பயனில்லை.

இனி பாயின் வரிசை. கியரில் போட வழியில்லை, கியர்தான் இல்லையே. அதனால் ஹேண்ட் பிரேக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் பெரிய கற்களாகக் கொடுத்தோம். சாவி என் பையில். பலகை போட்டு அதன் மேல் ஜாக்கி. முன்பக்கம் எழும்பியது. மண் பக்கத்தில் ஸ்டாண்டு புதையாமல் இருக்க ஒரு தட்டையான பாறைக்கல்லைத் தேடி எடுத்து அடியில் வைத்தார். ஸ்டெப்னியைச் சட்டத்துக்குக் கீழே தள்ளினோம். ஜாக்கியைத் தளர்த்தினேன். எடை ஸ்டாண்டில் உட்கார்ந்தது. பார்வைக்கு எல்லாம் கச்சிதம்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பால் தள்ள முன்பக்கம் வந்தார். நான் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து கோவிந்தசாமியின் குரல் கேட்டது. "ஒரு கம்பிய சொருவறதுக்கு இவ்ளோ ஜாலமா? முகூர்த்தம் போவுது. நானே சொருவறேன்."

திரும்பினால் வேட்டியும் இரண்டு கால்களும் மட்டும் வெளியே தெரிந்தன. மார்பு வரை காருக்குக் கீழே.

பாய் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்று ஓடினார். குனிந்து பிடித்து இழுத்தார். கைக்கு முதலில் வந்தது பட்டு வேட்டி. அதை வீசிவிட்டு இரண்டாவது இழுப்பில் காலைப் பிடித்தார். கோடு போட்ட டவுசரோடு கோவிந்தசாமி ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் கத்த ஆரம்பித்தார். "யாரு மேல கை வெக்கற? நான் யாரு தெரியுமா? மாப்ளைக்கு தாய்மாமன்."

பாய் மூச்சு வாங்கியபடியே காருக்கு முதுகைக் காட்டி நின்றார். இடுப்பால் ஒரு தள்ளு.

தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த கல் இரண்டாகப் பிளந்தது. ஸ்டாண்டு சாய்ந்தது. கார் அப்படியே பக்கவாட்டில் நழுவி இறங்கி, ஸ்டெப்னி டயரின் மேல் மோதி, ஒரு முறை எழும்பி, நின்றது.

மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். கார் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை நான் பார்த்தேன். அந்த டயரின் தடிமன் அளவுதான். கோவிந்தசாமி தான் படுத்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை அம்மாள் மரத்தடியிலிருந்து மெல்லக் கேட்டார். "கீழ இருந்திருந்தா இன்னாங்க ஆயிருக்கும்?"

பாய் யோசித்து, உண்மையைச் சொன்னார். "டயரு இருக்கறதால உசுரு இருந்திருக்கும்மா. மூக்கு இருந்திருக்காது."

கோவிந்தசாமி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அப்போது அந்த அம்மாள் சீட்டிலிருந்து எழுந்தார். தட்டை சரவணனிடம் கொடுத்தார். கீழே கிடந்த வேட்டியை எடுத்து உதறி தம்பியின் இடுப்பில் சுற்றிவிட்டார். தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், "இதுல உக்காரு தம்பி" என்றார்.

அவர் உட்கார்ந்தார். அக்கா முந்தானையால் அவர் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தார். "அறிவு கீதாடா உனக்கு? அம்மா போனப்புறம் எனக்கு யாருடா கீறாங்க?" என்று திட்டிக்கொண்டே துடைத்தார். அவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் காரை மறுபடி தூக்கி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இறக்கினோம். முகூர்த்த அவசரத்தில் முதலில் விட்ட வேலை ஒன்றுதான், சமமான இடத்துக்குத் தள்ளுவது. மாப்பிள்ளை, முருகன், மேளக்காரர், நான் எல்லாரும் சேர்ந்து நான்கு சக்கரமும் தாரில் நிற்கிற இடத்துக்குத் தள்ளினோம். முதலிலிருந்து தொடங்கினோம். கல், பலகை, ஜாக்கி, ஸ்டாண்டு, டயர். இந்த முறை பாய் முன்னாலிருந்து ஒரு தள்ளு, பக்கத்திலிருந்து ஒரு தள்ளு. கார் அசையவில்லை.

எனக்குத்தான் உள்ளே போகப் பிடிக்கவில்லை. தார் ரோட்டில் முதுகு வைத்ததும் அந்தக் கல் உடைந்த சத்தம் காதில் வந்தது. பாய் என் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சேகரு, கல்யாண வூட்ல இன்னா சாப்பாடு இருக்கும்?"

"தெரியல பாய்."

"பாயசம் இருக்குமா?"

"இருக்கும் பாய்."

"சேமியாவா, ஜவ்வரிசியா?"

கியர் கம்பி கருப்பாக என் மூக்குக்கு நேரே தொங்கியது. ஓட்டையை விரலால் தேடிப் பிடித்து புது பின்னைச் செருகினேன். பூட்டுக் கம்பியை வளைத்தேன். "ஜவ்வரிசி பாய்" என்றேன். வெளியே வந்தபோது முதுகு முழுதும் நனைந்திருந்தது. ரோடு காய்ந்துதான் இருந்தது.

சீட்டை மாட்டி போல்ட்டுகளை முடுக்கினேன். எங்களையும் கல்யாணத்துக்கு வரச்சொன்னார்கள் என்று சொல்லி பாய் மொபெட்டைக் கிளப்பினார். அப்படி யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கிளம்பலாம் என்று திரும்பினால், கார் கிளம்பவில்லை. முன் கதவு திறந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள்.

"நீ உக்காரு. உடம்பு நடுங்குது உனக்கு" என்றார் அக்கா.

"இல்லக்கா. நீதான் வளத்த. நீதான் உக்காரணும்."

"நான் சொன்னா கேளுடா."

"நான் தாய்மாமன் சொல்றேன், நீ கேளு."

"இன்னாடா தாய்மாமன், பெரிய தாய்மாமன்? உக்காருடான்னா."

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. சரவணன் தாலித் தட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். முருகன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தான். மேளக்காரர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இருவருக்கும் நடுவே புகுந்து, தவிலை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.